இந்தக் குழாய் இன்னும் எதற்கு?

சென்ற ஆண்டு ஐப்பசி அடைமழையில் என் தமக்கையார் கடுஞ்சுரம் கண்டு, நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஐந்து நாள் படுத்திருந்தார். முதல் நாள் மாலையில் அவருடைய வலது புறங்கையில் ஒரு பிளாஸ்டிக் குழாயை ஏற்றி, வெள்ளைப் பிளாஸ்திரியை நாலு சுற்றுச் சுற்றிவிட்டுச் சென்றார்கள். அது முதல் அவர் அந்தக் கையை மரக்கட்டைபோல நீட்டியே வைத்திருந்தார், மணிக்கட்டை மடக்கவில்லை, விரலை அசைக்கவில்லை, ரசஞ்சாதத்தை மகள் ஊட்ட வாங்கிக்கொண்டார், உறக்கத்தில் கை புரண்டுவிடுமோ என்று இரவெல்லாம் விழித்தேயிருந்தார். மூன்றாம் நாள் காலை நான் காரணம் கேட்டபோது, "உள்ளே ஊசி இருக்கேடா, அசைச்சா நரம்பைக் கிழிச்சுடாதா?" என்றார். உள்ளே ஊசி இல்லை என்னும் எளிய உண்மையை, நாளைக்கு மூன்று முறை அந்தக் குழாயைத் தொட்டு மருந்து செலுத்தியவர்களில் ஒருவர்கூட அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

அவருடைய துன்பம் அத்தோடு முடியவும் இல்லை. நான்காம் நாள் சுரம் தணிந்து, மருந்துகள் யாவும் மாத்திரைகளாக மாறி, சொட்டு மருந்துப் புட்டியும் கம்பியிலிருந்து இறங்கிவிட்ட பிறகு, குழாய் மட்டும் கையிலேயே இருந்தது. "இருக்கட்டும்மா, வீட்டுக்குப் போறப்ப எடுத்துக்கலாம், திரும்பக் காய்ச்சல் வந்தா இன்னொரு தடவை குத்த வேண்டாமே" என்று பரிவோடுதான் சொன்னார்கள். அன்றிரவு புறங்கை கடுத்தது. காலையில் பிளாஸ்திரியை நீக்கிப் பார்த்தபோது, குழாய் நுழைந்த இடத்தைச் சுற்றிக் குங்குமம் கலைந்தாற்போல் சிவந்து, அங்கிருந்து முழங்கையை நோக்கி நாலு விரற்கடை நீளத்துக்கு, நனைந்த சணற்கயிறு போன்ற ஒரு தடிப்பு ஓடிக் கிடந்தது. விரல் வைத்தால் சுட்டது. சுரம் ஐந்து நாளில் போயிற்று. அந்தக் கயிறு கரைந்து மறைய மூன்று வாரம் சென்றது.

வயிற்றைக் கீறிச் செய்யும் சிகிச்சை என்றால் நம்மை உட்காரவைத்துச் சொல்கிறார்கள், கையெழுத்து வாங்குகிறார்கள். ஆனால் மருத்துவமனையில் படுக்கும் பெரும்பாலோர்க்கு நேரும் மிகச் சாதாரணமான பிரயோகமாகிய இந்தச் சிறு குழாயைப் பற்றி, அது சாதாரணம் என்னும் ஒரே காரணத்தால், எவரும் எதுவும் சொல்வதில்லை. இத்தகைய குழாய் ஏதேனும் ஒன்று மருத்துவமனை நோயாளிகளில் 70 சதவீதம் வரையிலானோர்க்குத் தேவைப்படுகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இத்தனை பேருடைய சரீரத்துக்குள் நுழையும் ஒரு பொருள் இன்னது, இதன் நிமித்தம் வைக்கப்பட்டது, இத்தனை நாள் இருக்கும், இன்ன குறி கண்டால் கூப்பிடவேண்டும் என்று நாலு வார்த்தை சொல்வதைச் சிகிச்சையின் ஓர் அங்கமாகவே கொள்ளவேண்டும் என்பதும், அப்படிச் சொல்லாதவிடத்து நோயாளி தாமே வாய்திறந்து கேட்கவேண்டும் என்பதும் என் அபிப்பிராயம்.

முதலில் பொருளை அறிவோம். மருத்துவ உலகம் இதைக் கேனுலா என்கிறது. நாணலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, சிறு நாணற்குழல் என்று பொருள்படுவது அச்சொல். நம் வார்டுகளில் அப்பெயரைக் கேட்பது அரிது. ஒரு வணிகப் பெயரே பொதுப் பெயராகி, "வென்ஃப்ளான் போடணும்" என்றுதான் செவிலியர் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். பிரித்தெடுத்த புதிய குழாயைப் பார்த்தால், கூரிய எஃகு ஊசியொன்றின்மேல், வாளின்மேல் உறை பொருந்தினாற்போல், மெல்லிய பிளாஸ்டிக் குழல் ஒன்று இறுகப் போர்த்தியிருப்பது தெரியும். ஊசி தோலைத் துளைத்து இரத்தக்குழாய்க்குள் புகுந்ததும், பின்னாலுள்ள சிறு அறையில் ஒரு துளி இரத்தம் பளிச்சென்று எட்டிப்பார்க்கும். அதைக் கண்டவுடன் செவிலியர் பிளாஸ்டிக் உறையை மட்டும் உள்ளே மெல்லத் தள்ளி, ஊசியை முழுவதுமாக வெளியே உருவி எறிந்துவிடுவார். கையில் தங்குவது நூல்போல் வளையக்கூடிய அந்த மெல்லிய குழல் ஒன்றே. ஆகையால் விரல்களை மடக்கலாம், நீட்டலாம், தம்ளரைப் பிடிக்கலாம். கையை அசையாமல் வைத்திருப்பதைவிட மெல்ல அசைத்துக்கொண்டிருப்பதே நலம். குழாய் மணிக்கட்டிலோ முழங்கை மடிப்பிலோ போடப்பட்டிருந்தால் மட்டும், மடக்கும்போதெல்லாம் குழல் சிரையின் சுவரை உரசுமாதலால், சற்று அடக்கம் வேண்டும். அதனாலேயே, அவசரம் இல்லாதபோது மூட்டுகளைத் தவிர்த்து முன்கையில் போடுவதை நூல்கள் விரும்புகின்றன.

குழாயின் வெளிப்புறத்துச் சிறகுகளிலோ மூடியிலோ உள்ள நிறத்துக்கும் ஓர் அர்த்தம் உண்டு. மஞ்சள் நிறம் 24ஆம் எண், குழந்தைகளுக்கும் மிக மெல்லிய சிரை உள்ளவர்களுக்கும், நீலம் 22, இளஞ்சிவப்பு 20, பச்சை 18. எண் கூடக் கூடக் குழாய் மெலியும். ஒரு குழாயின் ஆரம் இருமடங்கானால் அதனூடே பாயும் திரவம் 16 மடங்காகும் என்பது இயற்பியல் விதியாதலின், அதிக இரத்தம் இழக்கக்கூடிய அறுவைச் சிகிச்சைக்குப் பச்சையைத் தேடுகிறார்கள். மாறாக, நாளுக்கு இருமுறை ஓர் ஆன்டிபயாட்டிக் செலுத்துவதற்கு அவ்வளவு தடித்த குழாய் வேண்டுவதில்லை. காரியத்துக்குப் போதுமான அளவில் மிக மெல்லியதே சிரைக்கு இதமானது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டியிருக்கிறது. "நரம்பு கிடைக்கலை", "நரம்பு தெரியவே மாட்டேங்குது" என்று நோயாளியும் சொல்கிறார், ஊசி போடுபவரும் சொல்கிறார். புறங்கையில் நீலமாக ஓடுவது நரம்பன்று. அது அசுத்த இரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை. இருதயத்திலிருந்து இரத்தம் புறப்பட்டு வரும் வழி தமனி. நரம்போ உணர்ச்சியையும் அசைவையும் தாங்கிச் செல்லும் வேறொரு தந்தி. பேச்சுவழக்கில் மூன்றும் ஒன்றாகக் கலந்துவிட்டதில் மொழிக்கு நஷ்டம் இல்லாதிருக்கலாம், நோயாளிக்கு உண்டு. ஏனெனில், ஊசி நுழையும்போது சுருக்கென்ற சாதாரண வலியைத் தாண்டி, மின்சாரம் பாய்ந்தாற்போல் விரல் நுனிவரை ஒரு வலி ஓடினால், மெய்யாகவே நரம்பைத் தொட்டுவிட்டார்கள் என்று கொள்ளவேண்டும். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளாமல் அக்கணமே சொல்லி ஊசியை எடுக்கச் செய்யவேண்டும். எல்லாமே நரம்பு என்று எண்ணியிருப்பவர், நரம்பில் குத்தினால் இப்படித்தான் இருக்கும் போலும் என்று வாளாவிருந்துவிடுவார். அதுபோலவே, ஒருவர் இரண்டு முறை முயன்றும் சிரை அகப்படவில்லையானால், அதே கை அதே ஆளிடம் மூன்றாம் முறை குத்துப்படுவது முறையன்று. கைதேர்ந்த வேறொருவரை அழைப்பதே இத்துறையின் நெறி. அதைப் பணிவாகக் கேட்பதில் யாருடைய கௌரவத்துக்கும் குறைவில்லை.

சிரைக்குள் மருந்து செலுத்தும் எண்ணம் பழையது. இலண்டன் மாநகரின் புனித பவுல் பேராலயத்தைப் பின்னாளில் நிர்மாணித்த கிறிஸ்டோபர் ரென், 1656இல் ஆக்ஸ்ஃபோர்டில், பறவை இறகின் தண்டைக் குழாயாகவும் பிராணியின் நீர்ப்பையைப் புட்டியாகவும் கொண்டு நாயின் சிரைக்குள் திரவத்தைச் செலுத்திப் பார்த்தார். மனிதருக்கு அது உயிர்காக்கும் முறையாக வந்தது 1832இல், காலரா ஸ்காட்லாந்தைச் சூறையாடிய காலத்தில். எடின்பரோவை அடுத்த லீத் துறைமுகத்து வைத்தியர் தாமஸ் லாட்டா, நாடி அடங்கி, கண் குழிந்து, மரணத்தின் வாயிலில் கிடந்த ஒரு மூதாட்டியின் கைச்சிரையில் உப்புநீரைச் செலுத்தினார். அரை மணி நேரத்தில் 6 பைண்ட் நீர் உள்ளே சென்றது. குழிந்த கண் தெளிந்தது, முகத்தில் உயிர்க்களை திரும்பிற்று, அவள் பேசினாள். களைத்துப்போன லாட்டா அவளை மருத்துவமனை வைத்தியரின் பொறுப்பில் விட்டு ஓய்வெடுக்கச் சென்றார். வாந்தியும் பேதியும் திரும்பின. மறுபடி உப்புநீர் செலுத்துவார் இல்லை. அவர் சென்ற ஐந்தரை மணி நேரத்தில் அவள் இறந்தாள். குழாயைச் செலுத்துவது பாதி வேலை, செலுத்திய பின் உடனிருந்து பார்ப்பது மறுபாதி என்பதை, அந்தச் சிகிச்சையின் ஜாதகத்திலேயே எழுதிவைத்தாற்போன்ற அந்தச் சம்பவத்தை நான் படிக்குந்தோறும் மனம் கனக்கிறது.

அதற்குப்பின் நூறாண்டுக்கு மேலாக, பெரும்பாலும் உலோக ஊசியே சிரைக்குள் இருந்தது. ஊசி நழுவாதிருக்க முன்கையை ஒரு மரப்பலகையோடு சேர்த்துத் துணியால் கட்டிவைப்பார்கள். 1950இல் அமெரிக்காவில், ராச்செஸ்டர் நகரத்து மேயோ மருத்துவமனையில் மயக்கமருந்துத் துறையில் பயின்றுவந்த டேவிட் மாஸா என்னும் இளைஞர், ஊசியின்மேல் பிளாஸ்டிக் குழலைப் பொருத்தி, ஊசியை உருவிக் குழலை மட்டும் உள்ளே விடும் உபாயத்தைக் கண்டார். இன்று உலகமெங்கும் மனிதர் கைகளில் இருப்பது அந்த உபாயத்தின் சந்ததியே. ஆனால் பலகை போய் எழுபது ஆண்டு கடந்த பின்னும் என் தமக்கையார் இல்லாத பலகையில் தம் கையைக் கட்டிவைத்திருந்தாரே, அதற்குக் காரணம் அறியாமை என்று அவர்மேல் பழிபோட எனக்கு மனம் ஒப்பவில்லை.

மெல்லியதாயினும் அந்தக் குழல் ஒரு திறந்த வாயில் என்பதை மறத்தலாகாது. புறத்திலுள்ள கோடானுகோடி கிருமிகளுக்கும் நம் இரத்தத்துக்கும் இடையே தோல் என்னும் கோட்டைமதில் நிற்கிறது. குழாய் அம்மதிலில் இட்ட துளை. அதன்வழி வரக்கூடிய கேடுகளில் அடிக்கடி காண்பது சிரை அழற்சி. குழாய் உள்ள இடத்தில் வலி, சிவப்பு, வீக்கம், சூடு, பின்னர் சிரை கயிறுபோல் தடித்தல் என்று அது படிப்படியாக ஏறும். இதை அளப்பதற்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் இடும் முறையொன்றைச் செவிலியர் கையாளுகிறார்கள். வலி, சிவப்பு, வீக்கம் ஆகிய மூன்றில் இரண்டு கூடிவிட்டாலே மதிப்பெண் இரண்டு. அப்போதே அந்தக் குழாயை எடுத்துவிட்டு, இன்னும் தேவையிருந்தால் வேறிடத்தில் போடவேண்டும் என்பது விதி. கயிறு தென்படும் வரை காத்திருக்கவேண்டியதில்லை. ஆனால், உள்ளே நடப்பது வெளியே தெரியாதபடி பிளாஸ்திரியால் கட்டி மூடிவிட்டால் யார் எதைப் பார்ப்பது? குழாயின் வாய் தெரியும்படி ஒட்டக்கூடிய கண்ணாடி போன்ற ஒட்டுத்தாள் இருக்கிறது. அது இல்லாத இடத்திலும், பிளாஸ்திரியைச் சற்று விலக்கி நாள்தோறும் பார்க்கச் செய்யலாம்.

இன்னொரு கேடு, குழல் சிரையைவிட்டு நழுவி, மருந்து தசைக்குள் கசிதல். அப்போது அவ்விடம் சிவப்பதில்லை. வெளுத்து, குளிர்ந்து, மாவுருண்டைபோல் உப்பும். மோதிரமும் வளையலும் இறுகும். ஆகையால் அவற்றை முதலிலேயே கழற்றி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடவேண்டும். வெறும் உப்புநீர் கசிந்தால் இரண்டொரு நாளில் வற்றிவிடும். புற்றுநோய் மருந்துகள் சிலவும், கால்சியம், அடர்ந்த பொட்டாசியம், வலிப்புக்குக் கொடுக்கும் பெனிட்டாயின் முதலியனவும் கசிந்தால் தசையையே அரித்துப் புண்ணாக்கக் கூடியவை. அங்கே ஒரு மணி நேரத் தாமதமும் பெரிது. எனவே மருந்து ஏறும்போது எரிச்சலோ கடுப்போ கண்டால், "மருந்து அப்படித்தான்" என்று யாராவது சொன்னாலும், ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கும்படி கேட்கவேண்டும். கிருமி இரத்தத்தில் கலத்தல் இவ்விரண்டையும்விட அரிது, இவ்விரண்டையும்விடக் கொடியது. தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிருமி குழாய்வழியே இரத்தத்தில் ஏறினால், உடல் தூக்கிப்போடும் குளிரும் சுரமும் தோன்றி, இருதய வால்வு வரை போய்த் தங்கிவிடக்கூடும். இதைத் தடுப்பவை மிக எளிய காரியங்கள்: போடுபவர் கைகழுவுதல், தோலில் தடவிய மருந்து உலரும்வரை பொறுத்தல், உலர்ந்த பின் அவ்விடத்தை மறுபடி விரலால் தொட்டுப் பாராதிருத்தல், ஒவ்வொரு முறை மருந்து செலுத்துமுன்னும் குழாயின் வாயைச் சாராயப் பஞ்சால் நன்கு துடைத்தல். குளிக்கும்போது நெகிழிப் பையைச் சுற்றிக் கட்டி நனையாமல் காப்பது நம் பங்கு.

எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதுதான் விவாதத்துக்குரிய பகுதி. நெடுங்காலமாக, பெரியவர்களுக்கு 72 முதல் 96 மணி நேரத்துக்கு ஒரு முறை, கை நன்றாயிருந்தாலும், குழாயை மாற்றிவிடுவது வழக்கமாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மூன்று மருத்துவமனைகளில் 3,283 நோயாளிகளை வைத்துச் செவிலியல் பேராசிரியர் கிளேர் ரிக்கார்டும் அவர் குழுவினரும் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆராய்ச்சி, அப்படி நாள் கணக்கில் மாற்றினாலும், குறி கண்டபோது மட்டும் மாற்றினாலும், சிரை அழற்சி இரு சாராரிடமும் 7 சதவீதமே என்று காட்டிற்று. வீணாகக் குத்துவதை நிறுத்துவோம் என்று பல நாடுகள் முடிவு செய்தன. பின்னர் ஜெனீவாவின் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் அவ்வாறே நாள் கணக்கை விட்டபோது இரத்தத்தில் கிருமி கலந்தோர் தொகை ஏறியதையும், மறுபடி நாள் கணக்குக்குத் திரும்பியபோது அது இறங்கியதையும் 2021இல் எழுதினார்கள். அறிஞர்களின் இந்த விவாதம் இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆனால் இரு தரப்பாரும் ஒரு சந்தேகமும் இன்றி உடன்படும் இடம் ஒன்று இருக்கிறது: குழாயைத் தினந்தோறும் பார்க்கவேண்டும், வேலை தீர்ந்த குழாயை அன்றே எடுத்துவிடவேண்டும். நாள் கணக்கை விட்டவர்கள் நாள்தோறும் பார்க்கும் கடமையையும் சேர்த்து விட்டுவிட்டால் வரும் அனர்த்தத்தை என் தமக்கையாரின் கை எனக்குப் பிரத்தியட்சமாகக் காட்டிவிட்டது. "எதற்கும் இருக்கட்டும்" என்பது நாம் வீட்டில் பழைய டப்பாவையும் கயிற்றையும் எடுத்து வைக்கும் பழக்கம்; இரத்த ஓட்டத்துக்குள் ஒரு குழாயை அவ்வாறு எடுத்து வைப்பதற்கில்லை.

குறையை மருத்துவமனையின்மேல் மட்டும் சுமத்தினால் நான் பாதி உண்மையையே சொன்னவனாவேன். சோர்வாக இருக்கிறது, சாப்பிடப் பிடிக்கவில்லை என்றால், "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடுங்க டாக்டர்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. ஏற்றாத வைத்தியரைக் கைராசி இல்லாதவர் என்றுகூடச் சொல்வோம். 5 சதவீத குளுக்கோஸ் கொண்ட 500 மில்லிப் புட்டியில் இருப்பது 25 கிராம் சர்க்கரை; இரண்டு இட்லி தரும் சக்திக்கு ஏறத்தாழ ஈடு. வாயால் குடிக்கக்கூடியவருக்குக் கஞ்சியும் மோரும் இளநீரும் செய்வதை அது செய்துவிடப்போவதில்லை. காலராவே சிரைவழி உப்புநீரை உலகுக்குத் தந்தது என்றேன். சிரையில்லாமலும் காலராவை வெல்லலாம் என்று காட்டியதும் நம் நாட்டில்தான். 1971இல் வங்கதேசப் போரின்போது, போங்காவ் அகதி முகாமில் உப்புநீர்ப் புட்டிகள் தீர்ந்துபோகவே, திலீப் மகாலனாபிஸ் என்னும் வைத்தியர், உப்பும் சோடாவும் குளுக்கோசும் சரியான அளவில் கலந்த நீரைக் குடங்குடமாகக் கரைத்து, நோயாளியின் உறவினர் கையாலேயே வாயில் புகட்டச் செய்தார். அந்த முகாமில் 30 சதவீதத்தை ஒட்டியிருந்த மரணம் 3.6 சதவீதமாக இறங்கிற்று. இன்று மருந்துக்கடையில் பொட்டலமாக விற்கும் ஓ.ஆர்.எஸ். அதன் வழிவந்தது. கடும் நீரிழப்பு, ஓயாத வாந்தி, மயக்கம், அறுவைச் சிகிச்சை, சிரைவழியே மட்டும் கொடுக்கத்தக்க மருந்து இவற்றுக்குக் குழாய் வேண்டும். அங்கே அது அமிர்தம். மற்ற இடங்களில் போடாத குழாயைவிடப் பத்திரமான குழாய் இல்லை.

துணைக்கு இருப்பவர்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்ள ஒரு காரியம் உண்டு. புட்டிக்குக் கீழே குழாயில் ஒரு சிறு சக்கரம் இருக்கிறதே, அதைத் தயவுசெய்து தொடாதீர்கள். புட்டி முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்னும் அவசரத்தில், அல்லது வேகமாக ஓடினால் வேகமாகக் குணமாகும் என்னும் நம்பிக்கையில், செவிலியர் நகர்ந்ததும் சக்கரத்தைத் திருப்பிவிடுகிறவர்களை நான் ஒவ்வொரு வார்டிலும் பார்த்திருக்கிறேன். 500 மில்லிப் புட்டியை 8 மணி நேரத்தில் ஏற்றவேண்டுமானால், 20 சொட்டு 1 மில்லி ஆகும் சாதாரணக் குழாயில் நிமிடத்துக்கு 21 சொட்டு விழவேண்டும். அதைச் சரமாக ஓடவிட்டால், பலவீனமான இருதயமோ சிறுநீரகமோ உள்ளவருக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். புட்டியில் பொட்டாசியம் கலந்திருந்தால் இருதயமே நின்றுபோகவும் கூடும். குழாயில் ஓரிரு சிறு காற்றுக்குமிழ் தெரிந்தால் பெரியவர்களுக்குப் பிராணபயம் இல்லை. புட்டி தீர்ந்து குழாயில் இரத்தம் ஏறி நின்றாலும் அலறவேண்டியதில்லை, அழைத்தால் போதும்.

எந்தக் கையில் போடுகிறார்கள் என்பதையும் கவனிக்கவேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்வோருக்குத் தமனியையும் சிரையையும் இணைத்த கையில் ஒருபோதும் போடலாகாது. சிறுநீரகம் பழுதுபடத் தொடங்கியவர்கள், பின்னொரு நாள் அந்த இணைப்பு தேவைப்படக்கூடுமாதலால், முன்கைச் சிரைகளைச் செல்வம்போல் சேமித்துப் புறங்கையையே கொடுக்கவேண்டும். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்துக்கொண்டவர்களும், பக்கவாதத்தால் ஒரு கை உணர்விழந்தவர்களும் அதை ஊசி எடுக்குமுன்பே சொல்லிவிடவேண்டும். மற்றவர்கள், எழுதும் கையை விட்டு மறுகையில் போடச் சொல்லலாம்.

இத்தனையும் செவிலியர்க்குத் தெரியாதனவல்ல. இரவு முறையில் ஒரு பெரிய வார்டு முழுவதையும் ஒருவரோ இருவரோ தாங்கி நிற்கும்போது, ஒவ்வொரு கையின் பிளாஸ்திரியையும் விலக்கிப் பார்க்கவும், விளக்கிச் சொல்லவும் அவர்களுக்கு இரண்டு கை போதுமா? ஆள் கூட்டவேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. அதை வற்புறுத்தவேண்டியது நம் பொறுப்பு. அதுவரைக்கும், காசு செலவில்லாத இரண்டு காரியங்களை ஒவ்வொரு மருத்துவமனையும் நாளையே தொடங்கலாம். குழாய் போட்ட தேதியையும் மணியையும் ஒட்டுத்தாளின்மேல் பேனாவால் எழுதவேண்டும். குழாய் போடும்போது, "ஊசியை எடுத்துட்டேன், உள்ளே மெல்லிசா டியூப் மட்டும்தான் இருக்கு, வலிச்சாலோ சிவந்தாலோ கூப்பிடுங்க" என்னும் ஒரு வாக்கியத்தைச் சொல்லவேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளர் உரிமைப் பட்டயத்தின் 17 உரிமைகளில், தகவல் அறியும் உரிமைக்கு இடம் தந்திருக்கிறார்கள். அவ்வுரிமை பெரிய வியாதிகளின் பெயரை அறிவதோடு நின்றுவிடுவதன்று. தன் கையில் என்ன இருக்கிறது என்று அறிவதும் அதனுள் அடங்கும்.

கழற்றும்போது செய்யவேண்டியதும் கொஞ்சம் உண்டு. பஞ்சை வைத்து இரண்டு மூன்று நிமிடம் அழுத்தவேண்டும். இரத்தத்தை நீர்க்கச்செய்யும் மாத்திரை உண்பவர்கள் இன்னும் அதிக நேரம். தேய்க்கக் கூடாது. அதற்குப்பின் இரண்டு நாள் அவ்விடத்தைக் கவனிக்கவேண்டும். அழற்சி சில சமயம் குழாய் போன பின்பும் தலைகாட்டும். குழாயோடு யாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால், வழியிலேயே திரும்பிப் போய் எடுத்துக்கொள்ளவேண்டும்.

இவ்வாண்டு சித்திரையில் தமக்கையார்க்குப் பித்தப்பைக் கல்லுக்காக அறுவைச் சிகிச்சை நடந்தது, வேறொரு மருத்துவமனை. தட்டை ஏந்திக்கொண்டு வந்த இளஞ்செவிலியிடம், "இடது கையிலே, மணிக்கட்டுக்கு மேலே போடம்மா" என்று இவரே கையை நீட்டினார். அந்தப் பெண் கைகழுவிவந்து, மருந்து தடவி, அது உலரும்வரை இவருடைய பேரப்பிள்ளைகளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்துவிட்டுப் பச்சைக் குழாயைப் போட்டாள். ஒட்டுத்தாளின்மேல் தேதியைக் குறித்தாள். மறுநாட் காலை மருத்துவர் சுற்றி வந்தபோது, "இந்தக் குழாய் இன்னும் எதற்கு?" என்று தமக்கையார் கேட்டார். மருத்துவர் சீட்டைப் புரட்டிப் பார்த்து, மாலை வேளைக்கு ஓர் ஊசிமருந்து பாக்கி இருக்கிறது, அது முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றார். மாலை ஆறரைக்கு அந்தப் பெண்ணே வந்து கழற்றினாள். எடுத்ததைக் காட்டச் சொல்லிக் கேட்டார். அவள் ஒரு பஞ்சுத்துணியின்மேல் வைத்துக் காட்டினாள். ஒரு கட்டைவிரலின் நீளமும் இல்லாத, நுனியில் இரத்தம் படிந்த, வெள்ளை நூல் போன்ற ஒரு குழல், தன் பாரத்தாலேயே சற்று வளைந்து கிடந்தது. "இவ்வளவு மெத்துனு இருக்கே" என்றார் தமக்கையார். பிறகு பஞ்சை அழுத்திக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தவாறு மூன்று நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.